தாரணியின் நெற்றி

ஜூன் 9, திங்கள்

காலையில் கடையைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது காது குடையும் பட்ஸ் ஒன்று. ஜோயலின் மேஜையில், மூடி திறந்த மை பாட்டிலுக்குப் பக்கத்தில், மஞ்சள் நுனியோடு கிடந்தது. தின்ற இரண்டு இட்லியும் தொண்டைக்கு வந்துவிட்டன.

ஜோயல் என் டாட்டூ கடையில் நாலு வருடமாக வேலை பார்க்கிறான். இருபத்தொன்பது வயது. நல்ல கை, அதை மறுக்க மாட்டேன். ஆனால் கிளவுஸ் போட்ட கையோடு போனை எடுப்பான், அதே கையால் மூக்கைச் சொறிவான், மறுபடி ஊசியைப் பிடிப்பான். "கிளவுஸை மாத்துடா" என்று ஒரு நாளைக்குப் பத்து தரம் கத்துகிறேன். "சரிக்கா" என்று பதினோராவது தரமும் அதையே செய்வான். செவிடன் காதில் ஊதிய சங்கு.

நான் இந்தத் தொழிலுக்கு வருவதற்கு முன் பன்னிரண்டு வருடம் ஒரு பல் டாக்டரிடம் உதவியாளராக இருந்தவள். ஊரார் எச்சிலிலேயே காலம் தள்ளியவள். அழுக்கு எங்கெங்கே ஒளியும் என்று எனக்குத் தெரிந்த அளவு இந்தக் கோயமுத்தூரில் யாருக்கும் தெரியாது. நாற்காலியின் கைப்பிடிக்கு அடியில், விளக்கின் சுவிட்சில், ஸ்பிரே பாட்டிலின் கழுத்தில். ஒவ்வொரு ஆளுக்கும் இதையெல்லாம் பிளாஸ்டிக் தாளால் சுற்றுவேன், முடிந்ததும் பிரித்து எறிவேன். ஊசி ஒருவருக்கு ஒன்று. ஊசி மாட்டும் பிடியை ஆட்டோகிளேவில் நீராவி ஏற்றாமல் தொட மாட்டேன்.

இந்த டைரியை வாங்கியதே ஆட்டோகிளேவ் ஓட்டிய நேரத்தைக் குறித்து வைக்கத்தான். ஆனால் எரிச்சலைக் கொட்ட எனக்கு வேறு இடம் இல்லை.

ஜூன் 10, செவ்வாய்

ஒருவன் கழுத்துப் பருவைக் கிள்ளிவிட்டு அதே விரலால் என் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டான். பேனா குப்பைக்குப் போனது.

ஜூன் 12, வியாழன்

கல்லூரிச் சிநேகிதர்கள் இரண்டு பேர் வந்தார்கள். ஒரே டிசைனை இரண்டு பேருக்கும் ஒரே ஊசியால் போட வேண்டுமாம்.

"ரத்தம் கலந்தாத்தான் அண்ணன் தம்பிங்கக்கா" என்றான் ஒருவன்.

"ரத்தம் கலந்தா மஞ்சக்காமாலைப்பா" என்றேன். எழுந்து போய்விட்டார்கள். போகட்டும். இப்படிப்பட்ட பாசத்தை நினைத்தாலே எனக்குக் குமட்டுகிறது.

மத்தியானம் ஆள் இல்லை. ஆட்டோகிளேவ் ஒரு தரம் ஓட்டினேன். தரையைத் துடைத்தேன். கிரே தீர்ந்திருந்ததால் கலந்து வைத்தேன். முகம், நிழல் எல்லாம் போட கறுப்பு மையில் தண்ணீர் விட்டு வெளிர் கறுப்பிலிருந்து புகை நிறம் வரை நாலு பாட்டில் செய்துகொள்வேன். ஜோயல் சோம்பேறி, கம்பெனியில் கலந்து சீல் வைத்து வருவதை வாங்கிக்கொள்கிறான். என் கை கலந்த சாம்பல் நிறம் அதில் வராது.

கடைக் குழாயில் வருவது போர் தண்ணீர். வெறும் உப்பு. அதில் நான் பக்கெட்டைக்கூடக் கழுவ மாட்டேன். கிரேவுக்கு வீட்டிலிருந்து சிறுவாணிக் குடிதண்ணீர் கொண்டு வருகிறேன். தண்ணீர் விடும் நாளில் டிரம்மில் பிடித்து, வெள்ளைத் துணியில் வடிகட்டி, தனி பாட்டிலில் எடுத்து வைப்பேன். கோயமுத்தூர்க்காரிக்கு அதைவிடச் சுத்தமான பொருள் உலகத்தில் ஏது.

ஜூன் 14, சனி

இன்று முழுவதும் ஒரே ஆள். பெயர் நாச்சிமுத்து, ஐம்பத்து நாலு வயது, கணபதி ஏரியாவில் பம்பு செய்யும் கம்பெனி ஒன்றில் லேத் ஓட்டுகிறார். மகளின் முகத்தைக் கையில் போட வந்தார். தாரணி, பத்தொன்பது வயது. இரண்டு வருடத்துக்கு முன் ஸ்கூட்டரில் போனவள் திரும்பி வரவில்லை. அதற்கு மேல் அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

நகக்கண்ணில் எண்ணெய்க் கசடு. பிரஷ் வைத்து முழங்கை வரை மூன்று தரம் தேய்த்துக் கழுவினேன். குழந்தை மாதிரி கையை நீட்டிக்கொண்டு நின்றார்.

"உள்பக்கமாப் போடுங்க அம்மிணி. லேத்து முன்னால நிக்கறப்ப அந்தப் பக்கந்தான் எங்கண்ணுக்கு நேரா இருக்கும்" என்றார்.

ஐந்து மணி நேரம். ஒரு கல்யாண வீட்டுப் போட்டோ, தலையைச் சாய்த்துச் சிரிக்கிறாள். முகம் என்பதே நிழல்தான். கோடு கொஞ்சம், மற்றதெல்லாம் கிரே. கன்னத்துக்கு மட்டும் நாலு பாட்டிலிலிருந்தும் எடுத்தேன். அவர் ஒரு தரம்கூட முனகவில்லை. முடிந்ததும் வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"கம்மல் கல்லுகூட வந்துருச்சுங்க" என்றார்.

எனக்குக் கண் எரிந்தது. ஸ்பிரே பட்டிருக்கும்.

ஜூன் 22, ஞாயிறு

நாச்சிமுத்து அண்ணன் ஆறுகிறதா என்று காட்ட வந்தார். மனைவியையும் கூட்டி வந்திருந்தார். கலாமணி என்று பெயர். ஒல்லியான பெண்மணி, கேட்டால்தான் பேசுகிறார்.

சட்டைக் கையை மடித்ததும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. தோல் உரிந்துகொண்டிருக்கும் புண்ணின் மேல், தாரணியின் நெற்றியில், குங்குமம். காய்ந்து, அடையாக, நேற்றைய பொட்டின் மேல் இன்றைய பொட்டு.

"இது யார் வேலை" என்றேன்.

"காலையில சாமி கும்புட்டுட்டு எல்லாத்துக்கும் வெப்பனுங்க. அவளுக்கும் வெச்சேன்" என்றார் கலாமணி.

"அக்கா, இது போட்டோ இல்லை. புண்ணு. தொறந்த புண்ணு. எத்தனை பேர் விரலை விட்ட குங்குமச் சிமிழோ."

"எங்கூட்டுல ரெண்டே பேருதானுங்க" என்றார்.

சோப்புத் தண்ணீரால் துடைத்து எடுத்தேன். பஞ்சு சிவப்பாக வந்தது. இனி ஒரு மாதத்துக்குத் தொடவே கூடாது என்றேன். கலாமணி பொட்டு வைத்த தன் கையைச் சேலைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டார். இந்த நாட்டில் எதைக் கண்டாலும் பொட்டு வைத்துவிட வேண்டும். ஆயுத பூஜைக்கு என் ஆட்டோகிளேவுக்கே விபூதிப் பட்டை அடித்தவன்தான் ஜோயல்.

ஜூலை 5, சனி

எழுதவே பிடிக்கவில்லை. எழுதிவிடுகிறேன்.

நாச்சிமுத்து அண்ணன் இன்று வந்தார். தாரணியின் முகம் முழுக்கக் கட்டிகள். நெற்றியில், கன்னத்தில், மூக்கு நுனியில். கடுகு அளவில் சில, பட்டாணி அளவில் சில, சிவந்து, பளபளவென்று. உதட்டோரத்தில் இருந்தது சீழ் கட்டி வெடிக்கக் காத்திருந்தது. சிரிக்கிற ஒரு பெண் முகத்தில் அம்மை போட்ட மாதிரி. நான் ஓங்கரித்துக்கொண்டு வாஷ்பேசினுக்கு ஓடினேன். பன்னிரண்டு வருடம் சொத்தைப் பல்லையும் ஈறுச் சீழையும் பார்த்தவள். ஒரு நாளும் ஓடியதில்லை.

திரும்பி வந்தபோது அவர் சட்டைக் கையை இறக்கிவிட்டிருந்தார்.

"நாத்தம் ஒண்ணும் இல்லீங்க அம்மிணி" என்றார். அவர் மன்னிப்புக் கேட்பது போல் இருந்தது.

கலாமணி வாசல்படியிலேயே நின்றார். உள்ளே வரவில்லை. எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது.

"நான் சொன்னதுக்கு அப்புறமும் தொட்டீங்களா, இல்லையா?"

"ஒரே ஒருக்கா தொட்டனுங்க. அவர் தூங்கறப்ப."

"அப்ப பாத்துக்கங்க. உங்க கை பட்டுத்தான் உங்க பொண்ணு மூஞ்சி இப்படி ஆயிருக்கு."

கலாமணி ஒரு படி கீழே இறங்கினார். அண்ணன்தான், "அவளை ஒண்ணுஞ் சொல்லாதீங்க அம்மிணி" என்றார்.

உள்ளதைச் சொன்னேன். உள்ளதைச் சொன்னால் உடம்பெல்லாம் எரியத்தான் செய்யும். வேறென்ன சொல்வது.

ஜூலை 6, ஞாயிறு

எத்தனை தரம் கழுவினாலும் அந்தச் சீழ் கையில் ஒட்டியிருப்பது போலவே இருக்கிறது. நான் அதைத் தொடவே இல்லை.

ஜூலை 12, சனி

இன்னும் இரண்டு பேர். ஜிம் வைத்திருப்பவர் ஒருவர், தோளில் சிங்கம். வங்கியில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி, மணிக்கட்டில் இறகு. சிங்கத்தின் பிடரி முழுவதும் அதே சிவப்புக் கட்டிகள். இறகில் கோடு எல்லாம் சுத்தமாக ஆறியிருக்கிறது, நிழல் போட்ட இடத்தில் மட்டும் வரிசையாக வேர்க்குரு மாதிரி.

இவர்களுக்குப் பொட்டு வைக்க யாரும் இல்லை. அப்படியானால் அழுக்கு கடைக்குள் இருக்கிறது. கடைக்குள் என்றால் ஜோயல். வேறு யார்?

சிங்கமும் இறகும் நான் போட்டவைதான். ஆனால் அன்றைக்கு மேஜையைத் துடைத்தது யார்? கிளவுஸ் டப்பாவில் கையை விட்டது யார்? அவன் தொட்ட ஏதோ ஒன்றை நான் தொட்டிருப்பேன்.

கலாமணிக்குப் போன் செய்து சொல்லலாமா என்று ஒரு நிமிடம் நினைத்தேன். குங்குமமும் ஒரு காரணமாக இருக்கலாம் அல்லவா. செய்யவில்லை.

ஜூலை 15, செவ்வாய்

ஜோயலின் மேஜையைக் கவிழ்த்தேன். அடியில் ஒட்டிய சூயிங்கம், ஒரு சமோசாத் துணுக்கு, எறும்பு. அதை அவன் முகத்துக்கு நேராக நீட்டினேன்.

"இதைத் தின்னுட்டே வேலை பாத்திருக்கே. மூணு பேருக்குச் சீழ் வெச்சிருக்கு. உனக்கு அருவருப்பே கிடையாதா?"

அவன் கிளவுஸைக் கழற்றி வைத்தான். பிறகு, "நான் அழுக்குதான்க்கா, ஒத்துக்கறேன். ஆனா எங்கிட்ட போட்டவங்க ஒருத்தர்கூடத் திரும்பி வரலையே, ஏன்?" என்றான்.

"திமிரா பேசாதே."

"திமிரு இல்லைக்கா. கேக்கறேன்."

பையை எடுத்துக்கொண்டு போய்விட்டான். பீடை ஒழிந்தது. பிளீச்சிங் பவுடரைக் கரைத்துக் கடை முழுவதையும் கழுவினேன். சுவர், ஸ்டூல் கால், மின்விசிறி இறக்கை. விரல் இடுக்கெல்லாம் தோல் வழன்று எரிகிறது. இப்போது என் கடையில் ஒரு துளி அழுக்கு கிடையாது.

ஜூலை 23, புதன்

நாலாவது ஆள். ஜோயல் போன பிறகு போட்டது இல்லை. போன மாதம் போட்டது. அதைத் தெளிவாக எழுதி வைக்கிறேன்.

ஜூலை 28, திங்கள்

மெடிக்கலில் வாங்கித் தின்ற மாத்திரை நாச்சிமுத்து அண்ணனுக்குக் கேட்கவில்லை. தோல் டாக்டர் உமையாளிடம் நானே கூட்டிப்போனேன். ஒரு துணுக்குத் தோல் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும் என்றார் டாக்டர். எங்கே எடுக்கட்டும் என்று கேட்டார்.

"கண்ணை உட்டுட்டு எங்க வேண்ணாலும் எடுத்துக்கங்க" என்றார் அண்ணன்.

கன்னத்தில் எடுத்தார்கள். மிளகு அளவுதான். எனக்குத்தான் பார்க்க முடியவில்லை.

திரும்பும்போது ஆட்டோவில் கேட்டேன், அக்கா ஏன் வரவில்லை என்று.

"அவ இப்ப எதையும் தொடறதில்லீங்க. சாமி வெளக்கைக்கூட நாந்தான் பத்த வெக்கறேன். சோத்தைக் கரண்டியில போட்டுத் தள்ளி வெக்கறா. கையைப் பினாயில் ஊத்திக் கழுவறா. உள்ளங்கையெல்லாம் வெடிச்சுப்போச்சுங்க."

நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஆட்டோ சீட்டின் ரெக்ஸின் கிழிந்து, உள்ளே பஞ்சில் யாரோ வெற்றிலை துப்பியிருந்தான். சீ.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

முடிவு வந்துவிட்டது. அண்ணனுக்கு உள்ளே கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். டாக்டர் என்னை மட்டும் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"இது சாதாரணச் சீழ்க் கிருமி இல்லை. டி.பி. கிருமிக்குத் தூரத்துச் சொந்தம். தண்ணியில வாழும். கட்டியெல்லாம் நிழல் போட்ட இடத்துல மட்டும் இருக்கு. கிரேவுக்கு என்ன தண்ணி கலக்கறீங்க?"

"நல்ல தண்ணிதான் டாக்டர். சிறுவாணி. வடிகட்டித்தான்."

"ஸ்டெரைல் தண்ணி இல்லையா? ஊசி மருந்து கலக்கற மாதிரி?"

"நான் போர் தண்ணி தொடறதே இல்லை டாக்டர்."

அவர் பேனாவை மூடி வைத்தார். "சிறுவாணியில ஒரு குறையும் இல்லை. நானும் அதைத்தான் குடிக்கிறேன். குடிச்சா வயிறு பாத்துக்கும். தோலுக்கு அடியில ஊசியால ஏத்தினா யாரு பாத்துக்குவா? பல் கிளினிக்குல இருந்தேன்னு சொன்னீங்களே."

அண்ணனுக்கு ஆறு மாதம் மாத்திரை, தழும்பு நிற்கும், தாரணியின் மூக்கும் உதடும் பழையபடி வராது என்றார்.

வெளியே அண்ணன் கட்டுப் போட்ட கையோடு பெஞ்சில் இருந்தார்.

"தண்ணியில வர்ற கிருமின்னு நர்ஸம்மா சொன்னாங்க. வூட்டுல அவ மோந்து ஊத்திக் கழுவிவுட்டாளே, அந்தத் தண்ணியா இருக்குங்களா?"

"பாக்கலாங்கண்ணா" என்றேன்.

அப்படித்தான் சொன்னேன். என் வாயால்.

ஆகஸ்ட் 20, புதன்

கடை திறக்கவில்லை. மோட்டார் ரிப்பேர் என்று அட்டை மாட்டினேன்.

ஆகஸ்ட் 21, வியாழன்

வீட்டு டிரம்மைக் காலி செய்தேன். உள்சுவரில் விரலை வைத்தேன். வழுக்கியது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை, வெள்ளைப் பிளாஸ்டிக்தான், ஆனால் விரல் வழுக்கிக்கொண்டு போனது, வெண்டைக்காய் நறுக்கிய கத்தி மாதிரி. எத்தனை வருடமாக அதைத் தேய்க்காமல் மேலே மேலே பிடித்திருக்கிறேன்? வடிகட்டிய துணியை முகர்ந்தேன். வாந்தி எடுத்தேன். இந்த முறை ஓடுவதற்கு வேறு இடம் இல்லை, அங்கேயே எடுத்தேன்.

கடைக்குப் போய் ரிஜிஸ்டரைப் பிரித்தேன். கட்டி வந்தவர்கள், இந்த மாதம் வந்த மூன்று பேரையும் சேர்த்து, இதுவரை ஏழு பேர். ஏழும் என் கையெழுத்து. ஏழிலும் கிரே. ஜோயல் பக்கத்தில் ஒன்றுகூட இல்லை. அந்தச் சமோசாக்காரனின் பக்கம் கழுவி விட்டது போல் இருக்கிறது.

ஜூலை பன்னிரண்டிலேயே எனக்குத் தெரியும். இறகைப் பார்த்தபோதே தெரியும். தெரியவில்லை என்று எழுதி வைத்திருக்கிறேன். என் எழுத்தைப் பார்க்கவே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

நாலு பாட்டிலையும் கொட்டினேன். ஆறு பேருக்குப் போன் செய்தேன், என் தண்ணீரால் வந்தது என்று சொல்லி டாக்டர் பெயரையும் கொடுத்தேன். ஜிம்காரர் கேட்ட வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. எல்லாம் நியாயம்தான். ஜூன் முதல் கிரே போட்டுக்கொண்ட மற்றவர்களுக்கும் நாளை முதல் சொல்ல வேண்டும். கடைசியாக ஜோயலைக் கூப்பிட்டேன்.

"தண்ணிடா. என் தண்ணி" என்றேன்.

"எனக்கும் அப்படித்தான் தோணுச்சுக்கா. நீங்க கேக்கற நெலமையில இல்லை" என்றான். பிறகு, "அந்தம்மாகிட்ட சொல்லிட்டீங்களா?" என்று கேட்டான்.

"எந்தம்மா?"

"அக்கா" என்றான். அவ்வளவுதான்.

ஏழாவது போனை மட்டும் நான் செய்யவில்லை. போனில் சொல்கிற விஷயம் இல்லை என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். அவர்கள் வீட்டுத் தண்ணீர் என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள். நான் வாயைத் திறக்காவிட்டால் கடைசிவரை நம்புவார்கள். இதை நினைத்தேன் என்பதையும் எழுதி வைக்கிறேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

கணபதிக்குப் போனேன். ஓட்டு வீடு, வாசலில் கொய்யா மரம். பதினோரு மணி. அண்ணன் வெயிலில் உட்கார்ந்து பூசைச் சாமான் விளக்கிக்கொண்டிருந்தார், ஒரே கையால், கட்டுப் போட்ட கையைத் தூக்கிப் பிடித்தபடி. கலாமணி உள்ளே நிலைக்கு அந்தப் பக்கம் நின்றார். கை இரண்டும் சேலைக்குள்.

உட்காரச் சொன்னார்கள். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் ஊர்க்கதை பேசிவிட்டு வந்துவிடுவேன் என்று பயமாக இருந்தது.

"கிருமி இந்த வீட்டுத் தண்ணியில வரலைங்கக்கா. நான் மையில கலந்த தண்ணியில வந்தது. எங்க வீட்டு டிரம்முல பிடிச்ச தண்ணி. மொத நாள், நான் ஊசி போட்டப்பவே உள்ள போயிருச்சு. குங்குமத்தால இல்லை. உங்க கையால இல்லை."

அண்ணன் விளக்குவதை நிறுத்தினார். கலாமணி வெளியே வந்தார்.

"அன்னைக்கே தெரியுமுங்களா?"

"அன்னைக்குத் தெரியாது. ஆனா தெரியாமலே சொன்னேன். கொஞ்ச நாள்ல சந்தேகம் வந்துச்சு. அப்பவும் சொல்லலை. செவ்வாக்கிழமை நிச்சயமாத் தெரிஞ்சுது. அண்ணன் கேட்டாரு, பாக்கலாம்னு சொல்லிட்டுப் போயிட்டேன்."

இதைச் சொல்லும்போது என் குரல் வேறு யாருடையதோ போல் இருந்தது. அழுகை வரவில்லை. அழுதிருந்தால் அதுவும் ஒரு தப்பித்தலாகத்தான் இருந்திருக்கும்.

கலாமணி சேலையிலிருந்து கைகளை எடுத்தார். உள்ளங்கை முழுவதும் வெடிப்பு, விரல் நுனியெல்லாம் தோல் உரிந்து ரோஸ் நிறமாக இருந்தது. இரண்டடி தள்ளி நின்ற எனக்குப் பினாயில் வாடை அடித்தது.

"இந்தக் கையில சோறு பெசைஞ்சு திங்க முடியலீங்க எனக்கு. வாயிகிட்ட கொண்டுபோனா கொமட்டிக்கும். அவளைப் பெத்தப்ப மொதல்ல தொட்ட கை. ஒண்ணரை மாசமா எங்கையை நானே அருவருத்துட்டு இருந்தேன்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"இனி அந்த அருவருப்பை நீங்க வெச்சுக்கங்க அம்மிணி" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. பாத்திரத்தைத் திருப்பிக் கொடுப்பது போலச் சொன்னார். பிறகு அண்ணன் பக்கத்தில் போய் உட்கார்ந்து அவருடைய கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். கட்டுப் போட்ட இடத்தைத் தொடவில்லை. தொடக் கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பியதை அவர் கேட்டிருக்கிறார். முழங்கைக்கு மேலே, தோல் நன்றாக இருந்த இடத்தில், இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அண்ணன் முகத்தைக் கொய்யா மரத்துப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு தெருவுக்கு வந்தேன். போயிட்டு வாங்க என்று யாரும் சொல்லவில்லை.